துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிரித்தது நான். சிரித்திருக்க வேண்டாம்.

போன ஆயுத பூஜையன்று, கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரி சாலையோரக் கடையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்பவள். நான் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வாராவாரம் அவளிடம் கிழங்கு வாங்கி, விலை பேசி, தோற்று, கடைசியில் "பூஜைக்கு வந்துருங்கக்கா" என்று அவள் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

கூடத்தில் பாய் விரித்து ஆயுதங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மண்வெட்டி, மருந்தடிக்கும் பம்பு, புல் வெட்டும் மெஷின், தராசு, லோரிச் சாவி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வரிசையின் கடைசியில் ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. அதற்கும் பொட்டு.

மற்றவற்றின் பொட்டு அன்று காலை வைத்தது. துப்பாக்கியின் பொட்டு அப்படியல்ல. இரும்புக் குழல் தொடங்கும் இடத்தில், பழையதை அழிக்காமல் அதன் மேலேயே வருடா வருடம் வைத்து, சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து இறுகி, ஒரு காசின் கனத்துக்கு மேடு தட்டியிருந்தது. அழிக்காமல் வைப்பது அந்த வீட்டு வழக்கமாம்.

"என்னம்மா இது, துப்பாக்கிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுச் சிரித்தேன். விரலால் தொடப் போனேன்.

"தொடாதீங்கக்கா, உதிர்ந்திரும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அந்த முகத்தை எழுத வேண்டும் என்று வீட்டுக்குத் திரும்பும் வளைவுகளிலேயே முடிவு செய்துவிட்டேன். எழுதுவதற்கு அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். குமுதா என்று வைத்திருக்கிறேன்.*

(* உண்மைப் பெயர் இதைவிட அழகானது. கேட்காதீர்கள்.)

2

தொடக்கம் வரவில்லை. வந்தவை இவை.

"மூடுபனி மலையை விட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது..." வேண்டாம். கேமரன் மலையைப் பற்றி யார் எழுதினாலும் மூடுபனிதான் முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. இங்கே குடியிருப்பவர்களுக்கு அது துணி காயாத பிரச்சினை.

"மகேன் துப்பாக்கியை எடுத்துத் தோளில் பொருத்தியதும் அவனுடைய அப்பாவின்..." அப்பாவின் என்ன? ஞாபகமா, வியர்வை வாசமா, குரலா? எதைப் போட்டாலும் சினிமாவாகிவிடுகிறது. விட்டுவிட்டேன்.

மூன்றாவது இது:

"துப்பாக்கி ஒரு பெண்ணாக வந்து குமுதாவின் அடுப்படியில் உட்கார்ந்தது. நெடுநெடுவென்று, மெலிந்து, கறுத்த பெண். நெற்றியில் பெரிய பொட்டு. பசிக்கிறது என்றாள். குமுதா கிழங்கு அவித்துக் கொடுத்தாள். அவள் வாயைத் திறந்தாள். வாய்க்குள் பல் இல்லை, நாக்கு இல்லை, வெள்ளையாக மேகம் மட்டும் இருந்தது. என்னால் மெல்ல முடியாது, எனக்கு ஏற்றதைக் கொடு என்றாள். உனக்கு ஏற்றது எது என்று குமுதா கேட்டாள். நெற்றியில் எழுதியிருக்கிறது என்றாள் அவள்."

இதை வைத்துக்கொள்கிறேன். குமுதா இப்படிக் கனவு கண்டாளா என்றால், இல்லை. கண்டது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கிவிட்டேன். விழித்தபோது மேகம் அறைக்குள் வந்து கட்டில் கால்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்ச் சரிவில் கொழுந்து வெட்டும் மெஷினின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதைப்போல் கேட்டது. கனவு முடிந்துவிட்டதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு எழுந்து, என் கனவை எடுத்துக் குமுதாவிடம் கொடுத்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு.

3

இப்போது மகேன். குமுதாவின் கணவன்.

முதல் வரைவில் அவனை முரடனாக எழுதினேன். மீசை வைத்தேன். குமுதாவை அதட்டச் சொன்னேன். துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்பிள்ளையை எழுதுவதற்கு அதுதான் சுலபமான வழி. ஆனால் அசல் மகேன் நான் கடைக்குப் போகும்போதெல்லாம் குமுதாவுக்குத் தெரியாமல் இரண்டு கிழங்கு கூடுதலாகப் பையில் போடுகிறவன். எழுதி முடித்த மறுநாள் அவனிடம் கிழங்கு வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீசையை எடுத்துவிட்டேன்.

துப்பாக்கி அவனுடைய அப்பா பக்கிரிசாமியுடையது. அவர் தேயிலைத் தோட்டத்தில் காவல்காரராக இருந்தவர். பட்டாளம் வேண்டாமென்று கழித்துப்போட்ட துப்பாக்கிகளில் ஒன்றை அந்தக் காலத்துத் துரை வாங்கி வைத்திருந்து, ஊருக்குப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் மகனுக்கு வந்தது. [துப்பாக்கி என்றதும் போலீஸ் வரும் என்று காத்திருக்கும் வாசகர்களுக்கு: வராது. இந்தக் கதையில் லைசென்ஸ் ஒழுங்காக இருக்கிறது. தவறு வேறு இடத்தில்.]

மகேன் தேயிலைக்கு அடுத்தாற்போல் இருக்கும் சரிவில் சர்க்கரைவள்ளி போட்டிருக்கிறான். கிழங்கு முற்றியதும் காட்டுப்பன்றிகள் வர ஆரம்பித்தன. வேலி போட்டான், பிடுங்கி எறிந்தன. தகரம் தட்டினான், அந்தச் சத்தத்துக்குப் பழகிக்கொண்டன. பாதி நிலம் உழுது போட்டது மாதிரி கிடக்கிறது. மீதியைக் காப்பாற்றத் துப்பாக்கியை எடுக்கலாம் என்று பார்த்தால் அப்பா விட்டுப்போன தோட்டாக்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. ஈப்போவுக்குப் போய் அவனே புதிதாக வாங்கி வந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காவலுக்கு உட்காரப் போகிறான்.

இங்கேதான் எனக்கு ஒரு சின்ன உதவி தேவைப்பட்டது. கதையில் தோட்டாவை வர்ணிக்க வேண்டும், நான் என் வாழ்நாளில் தோட்டாவைப் பார்த்ததில்லை. குமுதாவிடம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். எவர்சில்வர் தட்டில் மூன்று தோட்டாக்கள், பித்தளை உடம்பு, கூரான மூக்கு. பூஜைக்கு வைத்த பலகாரம் போல இருந்தன. படத்துக்குக் கீழே குரல் பதிவு (தோட்டாவுக்கு இங்கே பெலுரு என்றுதான் பேச்சு):

"மாமா வச்சிருந்த பெலுரு இப்படி இருக்காதுக்கா. மொட்டையா இருக்கும், மூஞ்சியே இல்லாத மாதிரி. இது எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

நானும் அழகாகத்தான் எழுதினேன். "கூர்மூக்குத் தோட்டாக்கள், பொன்னிறத்தில்..." எழுதிவிட்டு, எதற்கும் தெரிந்தவர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். கதையில் தகவல் பிழை வந்தால் எனக்குப் பிடிக்காது. என் எக்ஸ்ரே படம் ஒன்று மங்கலாக வந்தாலே அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது.

4

சிவனேஸ்வரன் அண்ணன் என் கணவருடைய சிநேகிதர். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஈப்போவில் காடை வளர்க்கிறார். எதைக் கேட்டாலும் கிடங்குக்குத்தான் பேச்சு திரும்பும் என்பதால் அவருக்கு யாரும் போன் செய்வதில்லை. நான் செய்ததும் குளிர்ந்துபோனார்.

"கதைக்கு வேணும்ணே. பழைய பட்டாளத்துத் துப்பாக்கியோட தோட்டா எப்படி இருக்கும்?"

"எந்தத் துப்பாக்கி?"

"த்ரீ நாட் த்ரீன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொல்றதை விடு தங்கச்சி. குழல்ல என்ன நம்பர் அடிச்சிருக்கு?"

அது பொட்டுக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். படங்களை அனுப்பச் சொன்னார். பூஜையன்று நான் எடுத்த படத்தையும் தட்டில் இருந்த தோட்டாக்களின் படத்தையும் அனுப்பினேன். மாமனார் வைத்திருந்தவை மொட்டையாக இருக்கும் என்று குமுதா சொன்னதையும் சொன்னேன். காடைகளின் சத்தத்தை விட்டு வெளியே வந்து நின்று பேசினார்.

அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். அந்த வகைத் துப்பாக்கிகளில் சிலவற்றைப் பிற்பாடு காவல் வேலைக்கென்று மாற்றினார்கள். குழலின் உட்புறத்தை அகலமாகக் குடைந்து, உள்ளே முறுக்கிப் போகும் கோடுகளை எடுத்துவிட்டு, சின்னச் சின்ன ஈயக் குண்டுகளான ரவையைச் சுடும் துப்பாக்கியாக்கினார்கள். வெளியே பார்த்தால், குழலில் அடித்த நம்பரைத் தவிர ஒரு வித்தியாசமும் தெரியாது. ரவைத் தோட்டா மொட்டையாக இருக்கும். கூரான தோட்டா மாற்றப்படாத துப்பாக்கிக்கு உரியது. இரண்டுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு. அதனால் மாற்றிய துப்பாக்கியிலும் கூரானது உள்ளே போகும். பின்னால் இருக்கும் தாழும் ஒழுங்காக மூடும். ஆனால் அகலமான குழலுக்குள் மெலிந்த தோட்டாவுக்குப் பிடிமானம் இல்லை. சுடும்போது பித்தளை கிழிந்து, முன்னால் போக வேண்டிய நெருப்பு பின்னால் திரும்பலாம். பின்னால் இருப்பது சுடுகிறவனின் முகம்.

"சில சமயம் ஒண்ணும் ஆகாது" என்றார். "அதுதான் இன்னும் மோசம். தாழ் மூடிருச்சு, அதனால சரின்னு நினைக்கிறான் பாரு. நம்பரைப் பாக்காம சுட வேணாம்னு சொல்லு. கதையில இல்ல, நேர்ல சொல்லு."

மகேனுக்கு உடனே போன் செய்தேன். லோரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள போகுதுக்கா, சுத்தமா மூடுது. அப்புறம் என்ன லா?"

"கடையில குழல் நம்பர் கேக்கலியா தம்பி?"

"கேட்டாரு. பாத்துட்டேன், த்ரீ நாட் த்ரீதான்னு சொன்னேன். பொட்டுக்கு அடியில இருக்குன்னா சிரிக்க மாட்டாரா?"

"அழிச்சுட்டுப் பாரேன்."

லோரி ஒரு வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

"அம்மா உயிரோட இருக்குறவரைக்கும் அழிக்க விட்டதில்லக்கா. அப்பா காவலுக்குப் போயிட்டு முழுசா திரும்பி வந்ததே அந்தப் பொட்டாலதான்னு சொல்லும். இப்ப நான் அதை அழிச்சு, குமுதாவுக்கு ஏதாச்சும்..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். சுமங்கலி இருக்கும் வீட்டில் அவள் புருஷனின் ஆயுதத்திலிருந்து பொட்டை அழித்தால் அந்தப் பொட்டு மட்டும் அழியாது என்பது அவர்கள் பயம்.

5

ஆகவே கதை என் கையை விட்டுப் போய்விட்டது. போகவில்லை என்று காட்டிக்கொள்ள நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் மகேன் சுடுகிறான். இதை நிறுத்தாமல் எழுதினேன், ஏனென்றால் இதற்கு அடுத்த காட்சி என் அறையில் நடக்கிறது. "கையை விரிச்சு வைங்க தம்பி. மூச்சு விடாதீங்க." கறுப்புப் படத்தில் எலும்புகளுக்கு நடுவே பித்தளைத் துணுக்குகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. கதவுக்கு வெளியே குமுதா நிற்கிறாள். நன்றாக வந்திருந்தது. இவ்வளவு நன்றாக வந்ததே என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் பன்றிகள் வருவதில்லை. மகேன் மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். மேகம் தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது, கிழங்குக் கொடிகளை மூடுகிறது, அவன் காலை மூடுகிறது, துப்பாக்கியை மூடுகிறது. இடுப்புக்குக் கீழே தான் இருக்கிறோமா இல்லையா என்ற சந்தேகம் அவனுக்கு வருகிறது. அந்தச் சந்தேகத்திலேயே தூங்கிப்போய், விழித்து, வீட்டுக்குப் போகிறான். அழகான முடிவு, ஆனால் கோழைத்தனமானது. அடுத்த வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே.

மூன்றாவது முடிவில் குமுதா அழிக்கிறாள்.

"குமுதா ஈரத்துணியை எடுத்து..."

"குமுதா கண்ணை மூடிக்கொண்டு, துணியால் அந்தப் பொட்டை..."

"ஒருநாள் மத்தியானம், யாருமில்லாத நேரத்தில், குமுதாவின் கை..."

முடியவில்லை. கை வருகிறது, துணி வருகிறது, பொட்டுக்கு அருகில் வந்ததும் வாக்கியம் நின்றுவிடுகிறது. குமுதாவின் பாத்திரம் சரியாக அமையவில்லை, அவள் பயத்துக்கு நான் போதிய காரணம் காட்டவில்லை, என்றெல்லாம் ஓரத்தில் குறித்து வைத்தேன். பொய். காரணம் குமுதா அல்ல.

என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. என் பொட்டை யாரும் அழிக்கவில்லை. இந்தக் காலத்தில் யார் அதெல்லாம் செய்கிறார்கள்? மாமியாரே "வச்சுக்கம்மா" என்றுதான் சொன்னார். சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்றேன், பொட்டு அட்டையை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவ்வளவுதான். அழிக்காமலே அழிந்துபோன ஒன்றை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

[இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் மூன்றாவது முடிவு ஏன் நிற்கிறது என்று உங்களுக்குப் புரியாது. இருக்கட்டும்.]

6

வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்கு இறங்கினேன். எழுத்தாளர்கள் தங்கள் பாத்திரங்களைத் தேடிக் கார் ஓட்டிக்கொண்டு போவது நல்ல பழக்கமில்லை. வழியெல்லாம் மேகம். எதிரே வரும் லோரிகள் விளக்காக வந்து, லோரியாகி, பின்னால் வெறும் சத்தமாகிப் போயின. நான் ஓட்டுகிறேனா, மலை என்னை உருட்டிவிட்டிருக்கிறதா என்று தெரியாத ஒரு மிதப்பு. முதல் வரைவில் மூடுபனிக்கு நாற்காலி கொடுக்க மறுத்தேன் அல்லவா, அதற்குப் பழி வாங்குகிறது போல.

குமுதா அடுப்படியில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். மகேன் பிரிஞ்சாங்குக்குக் கிழங்கு இறக்கப் போயிருந்தான். வந்ததும் காவலுக்குப் போய்விடுவான். சிவனேஸ்வரன் அண்ணன் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"பெலுருவை ஒளிச்சு வச்சிரேன்" என்றேன்.

"ஒளிச்சா வேற வாங்குவாரு. அதே பேரைச் சொல்லித்தானே வாங்குவாரு?" என்றாள். சரிதான். எழுத்தாளருக்குத் தோன்றும் யோசனையெல்லாம் கதைக்குத்தான் உதவும்.

இரும்பு அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து வந்தாள். தாழை மகேன் தனியாகக் கழற்றிப் பூட்டி வைப்பதால் பின்பக்கம் திறந்திருந்தது. உள்ளே கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் பொட்டைத் தொடவே வேண்டாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. வாசலுக்குக் கொண்டுபோய் மேகத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தேன். நீளமான இருட்டு, அதன் முடிவில் வட்டமான வெள்ளை. கோடு இருந்தது மாதிரியும் இருந்தது, எண்ணெய்ப் படலம் மாதிரியும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளை அசைந்தது. உள்ளிருந்து யாரோ என்னைப் பார்ப்பது போலத் தோன்றிக் கண்ணை எடுத்துவிட்டேன். எலும்பைப் பார்த்தால் எங்கே விரிசல் என்று சொல்வேன். இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நம்பரைத்தான் பாக்கணும்" என்றேன்.

குமுதா துப்பாக்கியை வாங்கிப் பாயில் படுக்க வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏதோ எழுதுறீங்கன்னு சொன்னீங்களே. அதுல நான் இருக்கேனாக்கா?"

"இருக்க."

"என்ன பண்றேன்?"

"துணியை எடுக்குற. பொட்டுகிட்ட போற. அங்கேயே நிக்குற."

"நிப்பேன்" என்றாள். "அப்பா செத்து எங்க அம்மா நெத்திப் பொட்டை அழிச்சப்ப நான் பக்கத்துல நின்னேன்க்கா. கை எந்திரிக்காது."

"அவர் கண்ணு போயிட்டா?"

"தெரியுதுக்கா. எனக்குப் புத்தியில்லன்னு நினைச்சுக்காதீங்க. நீங்க சொன்னது எல்லாம் புரியுது. ஆனா நான் அழிச்சு, நாளைக்கு லோரியிலயோ எதுலயோ அவருக்கு ஒண்ணுன்னா, நான் எதை நினைச்சு அழுவேன் சொல்லுங்க?"

என் மூன்றாவது முடிவில் நான் தேடிக்கொண்டிருந்த காரணம் இதுதான். இவ்வளவு நாள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தும் எனக்கு இது கிடைக்கவில்லை.

அடுப்பில் கிழங்குத் தண்ணீர் பொங்கி வழிந்தது. எழுந்து போய் நெருப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். நின்றபடியே, என் நெற்றியைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க அழிங்கக்கா. உங்களுக்குப் போக வேண்டியது போயிருச்சே. நீங்க அழிச்சா ஒண்ணும் ஆகாது."

7

வலித்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. வலித்தது.

சொன்னதும் அவளுக்கே தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவளுக்கு அது தேவைப்பட்டது. மூன்று வருடமாக யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லாத ஒன்றை, தன் புருஷனைக் காப்பாற்ற வேண்டி, அவள் சொல்லிவிட்டாள். அதில் கணக்கு தவறவில்லை. அந்த அபசகுனம் என்னிடம் வந்து எடுத்துப்போக ஒன்றும் இல்லை. கோபமும், அதற்கு அடியில் வினோதமான ஒரு லேசும் வந்தன. ஏதோ ஒரு வேலைக்கு நான்தான் சரியான ஆள் என்று ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

"தேங்கா எண்ணெய் கொண்டு வா" என்றேன்.

எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, துணியால் தேய்த்தேன். மேலே புதிய சிவப்பு வந்தது. அதற்குக் கீழே சந்தன மஞ்சள். பிறகு மங்கிய சிவப்பு, அழுக்கு மஞ்சள், காப்பி நிறத்தில் ஒன்று. அவளுடைய பொட்டு, மாமியார் வைத்த பொட்டு, அதற்கு முன்னால் யார் வைத்ததோ. குமுதா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மேகம் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்து பாயின் ஓரத்தில் நின்றது. [மேகம் நின்றதா என்று கேட்டால், எனக்கு அப்படித் தெரிந்தது.] கடைசியில் கறுத்த இரும்பு தெரிந்தது. அதில் மூன்று எண்கள் அடித்திருந்தார்கள். நான்கு, ஒன்று, சைபர்.

படம் எடுத்துச் சிவனேஸ்வரன் அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"மாத்துன துப்பாக்கிதான். அந்தக் கூர்த் தோட்டா ஆகவே ஆகாது. மொட்டையிலயும் நீளம் பாக்கணும். அவனா எதையும் வாங்க வேணாம், துப்பாக்கியோட வந்து தெரிஞ்சவன்கிட்ட காட்டச் சொல்லு. நானே கூட்டிட்டுப் போறேன்."

குமுதா சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். என்ன அழுகை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கொஞ்ச நேரத்தில் லோரி வந்தது. மகேன் உள்ளே வந்து, பாயில் பொட்டில்லாமல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தான். குனிந்து அந்த எண்களைக் கட்டைவிரலால் தடவினான்.

"யாரு அழிச்சது?"

"நான்தான் தம்பி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. குமுதா இல்லை, இந்த அக்காதானே, என்கிற நிம்மதி. அவன் அதை மறைக்கத்தான் பார்த்தான், பாவம். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு அண்ணன் சொன்னதைச் சொன்னேன். தோட்டாப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னாலேயே அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். "பன்னி இன்னிக்கும் சாப்பிட்டுப் போகட்டும் லா" என்றான். "நாளைக்கு ஈப்போ போறேன்."

இந்த இடத்தில் வழக்கமாக எழுத்தாளர் முடிவை வாசகரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நானும் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் ஒன்றைக் கொடுக்க மாட்டேன். மகேன் அந்தத் தோட்டாவைச் சுடவில்லை. அவனுடைய கண்ணும் கையும் முழுசாக இருக்கின்றன. இதில் யாரும் மாற்று முடிவு எழுத வேண்டாம். நான் எழுதிப் பார்த்துக் கிழித்ததே போதும்.

நான் உங்களிடம் கொடுப்பது இது. மகேன் கை கழுவப் போனதும் குமுதா எழுந்து சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழைக் கொண்டு வந்தாள். துப்பாக்கிக்கு முன்னால் உட்கார்ந்தாள். எண்கள் இருக்கும் பக்கம் போகாமல், பின்னால் மரக்கட்டையில், யாருக்கும் எதையும் மறைக்காத இடமாகப் பார்த்து ஒரு பொட்டு வைத்தாள். விரலில் கொஞ்சம் குங்குமம் மீதி இருந்தது. அதை வழக்கம்போல் தன் கழுத்துத் தாலியில் வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து என் பக்கம் வந்தாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றாள்.

கையை உயர்த்தினாள். மன்னிப்பா, பரிகாரமா, வெறும் அன்பா என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு வேண்டுமா என்றும் தெரியாது. மூன்று வருடமாகத் தெரியவில்லை. அவளுக்குச் சம்மதம் என்பதற்காக எனக்குச் சம்மதமாகிவிடுமா? மறுத்தால் அவளை மன்னிக்கவில்லை என்று ஆகிவிடுமா? இதை நான் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

அதனால் நீங்கள் எழுதுங்கள். அவள் விரல் என் நெற்றிக்கு முன்னால் நிற்கிறது. நான் குனியவும் இல்லை, விலகவும் இல்லை. ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள், அவளுக்குக் கை வலிக்கும்.